முப்பத்தொன்றில் பச்சை மை

துபாய்
12 ஜனவரி 2025

கிளிட்டஸ்,

நலமா என்று கேட்டால் நடிக்கிறாள் என்று நினைப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன், அதுவும் காகிதத்தில். வாட்ஸாப்பில் எழுதினால் ஒரு நொடியில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பிவிடலாம். ஆஸ்பத்திரி மெயிலை நிர்வாகம் படிக்கும். படித்ததும் இந்தக் கடிதத்தை எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். கூரியர் உறை உள்ளே இருக்கிறது.

நம் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு டிசம்பரில் ஒரு மொட்டைக் கடுதாசி போயிருக்கிறது. எந்தக் கட்டுரை என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். ஊசியால் எடுத்த சதைத் துணுக்கில் புற்றுநோய் தெரிந்து, பிறகு புராஸ்டேட்டையே முழுதாக வெளியே எடுத்து அங்குலம் அங்குலமாகத் தேடியும் புற்றுநோய் கிடைக்காத ஒன்பது பேரைப் பற்றியது. கடுகளவு புற்று, அது ஊசியோடே வந்துவிட்டது என்று எழுதினோம். அதில் படம் போட்டு விளக்கிய முதல் ஆள் முப்பத்தொன்றாம் எண். 2019 மார்ச் பதினான்காம் தேதி பயாப்ஸி. நீங்கள் வெட்டிய ஸ்லைடு.

கடுதாசியில் ஒரே ஒரு வரிதானாம்: “முப்பத்தொன்றாம் ஸ்லைடின் ஓரத்தில் இருக்கும் மை என்ன நிறம் என்று டாக்டர் நஜீஹாவைக் கேளுங்கள்.” ஏப்ரல் பத்துக்குள் பதில் தராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள். அதே ஏப்ரலில்தான் எங்கள் புதிய ஆராய்ச்சி மையத்துக்குத் தலைவர் யார் என்று முடிவாகிறது. பக்கத்து வளைகுடா நாட்டில் ரூவியில் ஒரு ஒற்றை அறை லேபில் சிறுநீர்ப்பைத் துணுக்குகளோடு தொடங்கி, புராஸ்டேட் வரை, இருபத்திரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணைக் கொடுத்திருக்கிறேன். அது ஒரு வரியில் போகக்கூடாது.

பயாப்ஸிக்கு மை வைக்கிற பழக்கம் அந்த லேபில் ஒருவருக்குத்தான் இருந்தது. அதை நான் எழுத்து மூலமாகத் தடுத்தேன். அந்த மை விஷயத்தில்தான் 2022இல் உங்கள் கான்டிராக்ட் புதுப்பிக்கப்படாமல் போனது. கோபம் இருக்கும், புரிகிறது. ஆனால் இப்படியா தீர்த்துக்கொள்வது? நேரடியாகச் சொல்லுங்கள், எழுதியது நீங்கள்தானே?

நஜீஹா

---

ஜுபைல்
21 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையும் கிடைத்தது. கடிதத்தைத் திருப்பி அனுப்ப மாட்டேன். கட்டிலுக்குக் கீழே என் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் என்னைச் சந்தேகப்படுகிறீர்கள். நானும் கொஞ்சம் சந்தேகப்பட்டுவிட்டுப் போகிறேன்.

மொட்டைக் கடுதாசி நான் எழுதவில்லை. மாதா மேல் ஆணை. இங்கிலீஷில் பத்திரிகைக்கு எழுதுகிற அளவுக்கு என்னிடம் சரக்கு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். என் லீவ் லெட்டரை ஒருமுறை எல்லார் முன்னாலும் வாசித்துச் சிரித்தீர்களே.

எட்டு வருஷம் என்னை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டீர்கள். திட்டும்போதும் நீ, நல்ல ஸ்லைடைப் பார்த்துவிட்டு “உன் கைக்கு மோதிரம் போடணும்” என்றபோதும் நீ. இப்போது வரிக்கு வரி நீங்கள், உங்கள். மற்ற எதையும்விட அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரா?

‘நம் கட்டுரை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி சொல்லுகிற பத்தியில்கூட என் பெயர் இல்லை. இப்போது ஆபத்து வந்ததும் நம்முடையது ஆகிவிட்டது.

மையைப் பற்றிச் சொல்கிறேன். புராஸ்டேட் துணுக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும், வெள்ளை நூல் துண்டு. ஒரு மேஜையில் அடுத்தடுத்து இருபது பேருடையது வருகிறது. ஒன்று மாறினால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஆளுக்கு ஆள் நிறம் மாற்றி ஒரு பொட்டு வைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத் தொடங்கியது. உங்களுக்கு அது அழுக்காகத் தெரிந்தது. படம் எடுத்தால் ஓரத்தில் கறை விழுகிறது, கருத்தரங்கில் கேட்கிறார்கள் என்று சொல்லி, 2019 ஜனவரியில் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் கட்டுரை இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, மையத் தலைவர் பதவி இருக்கிறது. முப்பத்தொன்றாம் எண்காரர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. அன்றைக்கு முப்பத்திரண்டு என்றும் ஒரு எண் இருந்தது. அவரும் மனிதர்தான்.

கிளிட்டஸ்

---

துபாய்
2 பிப்ரவரி 2025

கிளிட்டஸ்,

வக்கீல் யாரும் இல்லை. வக்கீலுக்கு விஷயம் தெரிந்தால் உங்களுக்கு நான் எழுதவே முடியாது. இந்தக் கடிதத்தையும் பெட்டியில் பூட்டுவீர்கள், தெரியும். பூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டோரிலிருந்து முப்பத்தொன்றை எடுத்துப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்த்தேன், என் சொந்த லேபில் திருடியைப் போல. துணுக்கின் கீழ் ஓரத்தில் பச்சை இருக்கிறது. மயிரிழை அளவு. கட்டுரையில் வந்த படத்தில் அது இல்லை. நான்தான் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பினேன்.

உண்மையைச் சொன்னால் 2019லேயே அந்தப் பச்சையைப் பார்த்தேன். பார்த்ததும் என் தலைக்கு ஏறிய ஒரே விஷயம், நோட்டீஸ் ஒட்டிய பிறகும் இவன் மை வைக்கிறான் என்பதுதான். அது என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சண்டையாகும், கட்டுரை நிற்கும். மனதில் வைத்துக்கொண்டேன். மூன்று வருடம் கழித்து உங்கள் டிராயரில் மைப் பாட்டில் அகப்பட்டபோது அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் இறக்கினேன். அதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எழுத்து மூலத் தடைக்குப் பிறகும் எத்தனை பேருக்கு மை வைத்தீர்கள்? வேலையை விட்டுப் போன வாரத்தில் ஸ்டோர் சாவி உங்கள் கையில்தான் இருந்தது. எதையாவது மாற்றி வைத்துவிட்டுப் போனீர்களா? கேட்கக் கூசுகிறது, ஆனால் கேட்காமல் தூக்கம் வராது. முப்பத்திரண்டாம் எண்ணை எதற்கு இழுத்தீர்கள்? ரிப்போர்ட்டைப் பார்த்தேன். புற்றுநோய் இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

பச்சை என்றால் என்ன அர்த்தம்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

நஜீஹா

---

ஜுபைல்
11 பிப்ரவரி 2025

மேடம்,

ஒற்றைப்படை எண்ணுக்குக் கறுப்பு. இரட்டைப்படை எண்ணுக்குப் பச்சை. ஒருநாளும் மாற்றியதில்லை.

முப்பத்தொன்றில் பச்சை இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மீதியைப் போட்டுப் பாருங்கள்.

சாவியைப் பற்றிக் கேட்டது எனக்கு வலிக்கிறது. சிறுநீர்ப்பைத் துணுக்கு கைபட்டால் பொடிந்துபோகும், தசை எந்தப் பக்கம் என்று தெரியாமல் மற்ற லேபில் எல்லாம் கொட்டிக் கிடக்கும். நான் ஒவ்வொன்றையும் நிமிர்த்தி நிற்க வைத்து மெழுகு ஊற்றினேன். அதில் ஏறி நின்றுதான் நீங்கள் பெயர் வாங்கினீர்கள். அந்தக் கையா ஸ்லைடைத் திருடும்?

முப்பத்திரண்டை ஏன் இழுத்தேன் என்றால், அவர் இங்கே இருக்கிறார்.

பெயர் சோலையப்பன். சிவகங்கைப் பக்கம். 2019இல் துபாயில் அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் இருந்து நம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். இப்போது இங்கே பெட்ரோ கெமிக்கல் பிளான்டில் சாரம் கட்டுகிறார், வயது ஐம்பத்தெட்டு. போன நவம்பரில் இடுப்பு வலி என்று எங்கள் கம்பெனி கிளினிக்குக்கு வந்தார். நான்தான் ரத்தம் எடுத்தேன். புராஸ்டேட் புற்றைக் காட்டிக்கொடுக்கிற பி.எஸ்.ஏ. அளவு தொண்ணூற்றிரண்டு. நாலுக்குள் இருக்க வேண்டியது. நான் ரிசல்ட் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்ததைக் கண்டு அவர் எனக்குத் தைரியம் சொன்னார், “அதெல்லாம் இருக்காதுங்க, துபாய்ல பெரிய டாக்டரம்மா பார்த்து ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்திருக்காக” என்று. பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். உங்கள் கையெழுத்து. மார்ச் பதினான்கு. முப்பத்திரண்டு. ஆறு வருஷமாக பாஸ்போர்ட்டோடு அதையும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

நீங்கள் கேட்டது போல் நானும் ஒன்று கேட்கிறேன். முப்பத்தொன்றாம் ஆளுக்குப் புராஸ்டேட்டை எடுத்தார்கள். நாற்பது கட்டியாக வெட்டினோம், ஒன்றும் இல்லை. இன்னும் ஆழமாக வெட்டு என்றீர்கள், மூன்று வாரம் வெட்டினேன், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத சுரப்பி வந்தால் முதலில் இது அதே ஆளுடையதா என்று மரபணு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள். ஒப்பிட்டீர்களா? கட்டுரையில் ‘ஆள் அடையாளம் உறுதி செய்யப்பட்டது’ என்று இருக்கிறது. எப்படி உறுதி செய்தீர்கள்?

கிளிட்டஸ்

---

துபாய்
24 பிப்ரவரி 2025

கிளிட்டஸ்,

உங்கள் கடிதத்தை நாலு நாள் திறந்தே மேஜைமேல் வைத்திருந்தேன், பிறகு பயந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இப்போது எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. ரிஜிஸ்டரில் பெயரும் எண்ணும் சரியாக இருந்தன. அதைத்தான் ‘உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதினேன். மரபணு ஒப்பிட அனுப்பலாம் என்று ஃபாரம்கூட எடுத்தேன். அனுப்பவில்லை. கருத்தரங்குக்குப் பெயர் கொடுக்க ஆறு நாள்தான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன வரும் என்ற பயம் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

முப்பத்தொன்றாம் ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டீர்கள். அவர் பெயர் முகம்மது ரிபாய். கீழக்கரைக்காரர், இங்கே துபாயிலேயே தேராவில் அத்தர், தொப்பி விற்கிற கடை. ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு மூத்திரம் நிற்கவில்லை. ஆறு வருடமாக உள்ளே துணி வைத்துக்கொண்டு கடையில் உட்காருகிறார். ஒவ்வொரு தொழுகைக்கும் மாற்றிக்கொண்டு, கைகால் முகம் கழுவி ஒளு எடுக்கிறார். மனைவியோடு சேர்ந்து வாழ்வது முடிந்துபோனது, அதையும் என்னிடம் தலையைக் குனிந்துகொண்டு ஒருமுறை சொன்னார். ஆனாலும் ஒவ்வொரு நோன்புக்கும் எங்கள் ஊர் இனிப்பு, ஒரு டப்பா தொதல் கொண்டுவந்து என் ரிசப்ஷனில் வைத்துவிட்டுப் போவார். “டாக்டர் லாத்தா, நீங்க கண்டுபிடிக்கலேன்னா இந்நேரம் நான் மண்ணுக்குள்ள” என்பார், என்னை அக்காவாக வைத்து. நான் அதை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்வது உண்மையானால் அவருக்கு ஒன்றுமே இருந்ததில்லை.

ஆனால் உண்மையா? கோபித்துக்கொள்ளாதீர்கள். சோலையப்பன் என்று ஒருவர் நிஜமாகவே இருக்கிறாரா? ஆயிரக்கணக்கான ஆட்கள் வேலை செய்கிற இடத்தில் அந்த ஒரே ஆள் உங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் என்பதை நான் எப்படி நம்புவது? ரிப்போர்ட்டின் நகலை அனுப்புங்கள்.

இத்தோடு ஒரு வாக்குமூலம் டைப் செய்து வைத்திருக்கிறேன். ‘எழுத்து மூலத் தடையை மீறி, மேலாளருக்குத் தெரியாமல் பயாப்ஸிகளில் மை வைத்தேன், நிறங்களின் விவரம் இது’ என்று. நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் பத்திரிகையிடமும் நிர்வாகத்திடமும் நான் வாயைத் திறக்க முடியும். நிறத்துக்கு உங்கள் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. முதலில் நீங்கள் போடுங்கள். என்னுடையதை நான் பிறகு போடுகிறேன்.

நஜீஹா

---

ஜுபைல்
8 மார்ச் 2025

மேடம்,

ரிப்போர்ட் நகல் இத்தோடு இருக்கிறது. உங்கள் வாக்குமூலம் என்னிடமே இருக்கிறது, கையெழுத்து இல்லாமல்.

‘தடையை மீறி’, ‘மேலாளருக்குத் தெரியாமல்’. மூன்று வரியில் என்னைக் கட்டி முடித்துவிட்டீர்கள். ஓரத்தை வெட்டியது யார், அடையாளம் உறுதி என்று எழுதியது யார் என்று அதில் எங்கேயும் இல்லை. இதில் கையெழுத்துப் போட்டால் வளைகுடாவில் ஆறு நாட்டிலும் என் லைசென்ஸ் கலாஸ். அதை எடுத்துக்கொண்டு நீங்கள் நிர்வாகத்திடம் போய், எல்லாம் அந்த டெக்னீஷியன் செய்தது, ஆள் இப்போது சவூதியில் என்று சொல்லிக் கைகழுவிவிடலாம். மாட்டீர்கள் என்று எனக்கு யார் உத்தரவாதம்?

நாகர்கோவிலில் நர்ஸ் வேலை பார்க்கிற என் மனைவி ஜெஸியிடம் போனில் வாசித்துக் காட்டினேன். “நீங்க ஒப்புப் போட்டா அவிய தப்பிச்சிருவாவ. நம்ம பிள்ளைகளுக்க படிப்புக்கு யாரு?” என்றாள். பிறகு ஏதோ சொல்ல வந்து நிறுத்திய மாதிரி இருந்தது.

முதலில் நீங்கள் போடுங்கள். நான் பிறகு போடுகிறேன்.

சோலையப்பனுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. இடுப்பெலும்பிலும் முதுகெலும்பில் இரண்டு இடத்திலும் பரவியிருக்கிறது. வேலைக்கு லாயக்கில்லை என்று கம்பெனி ஃபைனல் எக்ஸிட் அடிக்கப் போகிறது. இம்மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவருக்கு மருத்துவம் செய்ய யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அதுதான் சும்மா வாயுப் பிடிப்பு என்றாரே டாக்டர் என்கிறார். கிளினிக் டாக்டர் அவரிடம் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கிளிட்டஸ்

---

துபாய்
19 மார்ச் 2025

கிளிட்டஸ்,

சோலையப்பன் உண்டா என்று நான் கேட்டதை மறந்துவிடுங்கள். முடிந்தால் மன்னித்தும் விடுங்கள்.

முப்பத்தொன்றாம் பயாப்ஸியின் மெழுகுக் கட்டியிலிருந்தும், ரிபாயிடமிருந்து எடுத்த சுரப்பியின் கட்டியிலிருந்தும் துளித்துளி சுரண்டி, பெயர் இல்லாமல் வெளியே ஒரு லேபுக்கு அனுப்பினேன். ஆறு வருடத்துக்கு முன்னால் நிரப்பி வைத்த அதே ஃபாரத்தில் தேதியை மட்டும் மாற்றினேன். நேற்று முடிவு வந்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை அல்ல. முப்பத்திரண்டின் கட்டியை மூன்றாவதாகச் சேர்த்திருந்தேன். அதுதான் ரிபாயுடையது.

இது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். முடிவை அச்சடித்து டிராயரில் வைத்துப் பூட்டினேன். இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒவ்வொரு காலையும் நிர்வாக அதிகாரியின் அறை வரைக்கும் போகிறேன். கதவில் கை வைப்பதற்குள் யாராவது வந்து, மையத் தலைவருக்கு முன்கூட்டியே வாழ்த்துகள் என்கிறார்கள். சிரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

இன்று ரிசப்ஷனில் தொதல் டப்பா வந்திருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஊசி போட்ட அறையிலிருந்து வரும்போதே மாறியிருந்தால் முப்பத்தொன்றில் கறுப்புதான் இருந்திருக்கும். பச்சை இருக்கிறது என்றால், மை வைத்த பிறகுதான் மாறியிருக்கிறது. அதாவது நம் மேஜையில். உங்கள் கையில். இதை முதல் நாளிலிருந்தே நீங்கள் அறிந்திருக்க வேண்டும். எனக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் இதைச் சொல்லவில்லை. ஏன்?

நஜீஹா

---

ஜுபைல்
27 மார்ச் 2025

மேடம்,

கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

மையைத் தடுத்த பிறகு மேஜையில் வைத்து அதைச் செய்ய முடியவில்லை. விடவும் மனது வரவில்லை. அதனால் துணுக்கு வந்த பாட்டில்களை இரண்டு இரண்டாகக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போவேன். ஃபிரிட்ஜ் மேல் வைத்து, ஈர்க்குச்சி நுனியால் ஒரு பொட்டு வைத்து எடுத்து வருவேன். அன்றைக்கு முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும். இரண்டிலும் மை வைத்து, துணுக்குகளை அவரவர் எண் போட்ட சின்னப் பெட்டியில் மாற்றுகிற நேரத்தில் வெளியே உங்கள் குரல் கேட்டது. கிளிட்டஸ் எங்கே என்று கேட்டீர்கள். அவசரமாக இரண்டையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு வந்தேன். எதை எதில் போட்டேன் என்று பார்க்கவில்லை.

மாறக்கூடாது என்றுதான் மை வைத்தேன். அதை ஒளித்து வைக்கப் போய்த்தான் மாறியது.

இது மட்டும் என்றால் பரவாயில்லை. மறுநாள் காலையில் முப்பத்தொன்றை வெட்டும்போது கத்தியடியில் பச்சை தெரிந்தது. பார்த்தேன். அவசரத்தில் இரண்டுக்கும் பச்சையே வைத்திருப்பேன் என்று என்னையே நம்ப வைத்தேன். முப்பத்திரண்டை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காமல் வேறு ஆளிடம் வெட்டக் கொடுத்தேன். உங்களிடம் சொன்னால் மை வைத்ததைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

பிறகு அந்தச் சுரப்பி வந்தது. மூன்று வாரம் வெட்டினேன் என்று முன்பு எழுதினேன் அல்லவா. அந்த மூன்று வாரமும் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வெட்டினேன், ஒரு துளியாவது புற்றுநோய் இருக்கட்டும் ஆண்டவரே என்று. ஒரு மனிதனுக்குப் புற்றுநோய் இருக்க வேண்டும் என்று ஜெபம் செய்தவன் நான். இல்லை என்றானதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நீங்கள் வந்து, இது அபூர்வமான கேஸ் கிளிட்டஸ், மறைந்துபோன புற்று என்று சந்தோஷப்பட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். உங்களை மட்டும் குற்றவாளி ஆக்கி எழுதியபோதெல்லாம் இதை மறைத்துத்தான் எழுதினேன்.

மொட்டைக் கடுதாசி எழுதியது ஜெஸி. நவம்பரில் சோலையப்பன் ரத்தம் கொடுத்த அன்று போனில் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதேன். இந்த மனுஷன் ஒருநாளும் வாயைத் திறக்கமாட்டான் என்று நினைத்து அவளே எழுதிப் போட்டிருக்கிறாள். போன வாரம்தான் என்னிடம் சொன்னாள். என் பெயர் வெளியே வரும் என்று பயந்துதான் கையெழுத்துப் போடாதே என்று தடுத்தாளாம். இப்போது போடுங்கள் என்கிறாள்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் மூன்று வரிக்குக் கீழே மேலே சொன்னதையும் என் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன். நிறங்களைத் தேதி வாரியாகக் குறித்து வைத்த என் பாக்கெட் டைரியும் உறையில் இருக்கிறது. நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. உங்களுடைய கடிதங்களையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். என்னிடம் இனி உங்களுக்கு எதிராக ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவற்றை வைத்துக்கொள்வதா கிழிப்பதா என்பது உங்கள் பாடு.

கூரியரில் அனுப்பவில்லை, ஆள் கையில் கொடுத்திருக்கிறேன். தம்மாமிலிருந்து துபாய்க்கு பஸ். விசிட் விசா எடுத்துக் கொடுத்தேன். ஊருக்குப் போகிற வழியில் இந்த உறையைத் துபாயில் டாக்டரம்மா கையில் நேராகக் கொடுத்துவிட வேண்டும், ரிசப்ஷனில் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உறையில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. உங்களைப் பார்ப்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

உங்கள் எதிரில் நிற்கிறவர்தான் மேடம், சோலையப்பன். உட்கார வையுங்கள், ரொம்ப நேரம் நிற்க முடியாது அவருக்கு.

கிளிட்டஸ்

---

துபாய்
5 ஏப்ரல் 2025

கிளிட்டஸ்,

நீ அனுப்பிய ஆள் பெருநாள் லீவு முடிந்த முதல் நாள் வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். உறையை இரண்டு கையாலும் கொடுத்தார். நான் பிரித்து வாசித்து முடிக்கிற வரை சுவரில் இருக்கிற என் சான்றிதழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பத்தியை வாசித்துவிட்டு நிமிர்ந்தால் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்கு உன்மேல் வந்த கோபத்தை என்ன சொல்ல. இப்படி மாட்டிவிட்டாயே என்று பல்லைக் கடித்தேன். ஆனால் வேறெப்படி அனுப்பியிருந்தாலும் அந்த உறையும் டிராயருக்குள்தான் போயிருக்கும். அது உனக்குத் தெரிந்திருக்கிறது.

கதவைச் சாத்தவில்லை. அவரிடம் சொன்னேன். உங்கள் துணுக்கு வேறொருவர் துணுக்கோடு எங்கள் லேபில் மாறிப்போனது, நோய் உங்களுக்கு இருந்தது, இல்லை என்று எழுதிக் கொடுத்தது நான், சந்தேகம் வந்த பிறகும் சரிபார்க்காமல் விட்டதும் நான். எந்தச் சொல்லையும் மெழுகவில்லை. அவர் பிளாஸ்டிக் உறையில் இருந்த ரிப்போர்ட்டை எடுத்தார், அதையும் என்னையும் பார்த்தார், மறுபடி மடித்து வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பிறகு ஒன்று கேட்டார்.

“அப்ப அந்த இன்னொரு ஆளுக்கு ஒண்ணுமே இல்லாம அறுத்துட்டாகளா?”

கிளிட்டஸ், அவர் முன்னால் அழுதேன். டாக்டராக இருந்து ஒரு நோயாளி முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

அவரையும் கூட்டிக்கொண்டு நிர்வாக அதிகாரி அறைக்குப் போனேன். இம்முறை யார் வாழ்த்துச் சொன்னார்கள் என்று பார்க்கவில்லை. உன் வாக்குமூலம், டைரி, மரபணு முடிவு, கீழே என் வாக்குமூலம். நோட்டீஸ் ஒட்டியது, ஓரத்தை வெட்டியது, அடையாளம் உறுதி என்று எழுதியது, எல்லாம் என் கையெழுத்தில். நம் கடிதங்களையும் கிழிக்காமல் சேர்த்தே கொடுத்தேன். அதில் நாம் இருவரும் நல்லவர்களாகத் தெரியமாட்டோம், ஆனால் நடந்தது அதுதான். பத்திரிகைக்கும் அன்றே எழுதிவிட்டேன், கட்டுரையை நானே திரும்பப் பெறுகிறேன் என்று. மையம் வேறொருவருக்குப் போகும். என் லைசென்ஸ் விசாரணையில் இருக்கிறது. உன்னையும் கூப்பிடுவார்கள். வா. நான் சொல்வதும் நீ சொல்வதும் ஒன்றாகத்தான் இருக்கும், பயப்படாதே.

சோலையப்பனை ஆஸ்பத்திரியே சேர்த்துக்கொண்டது. முதல் ஊசி போட்டாயிற்று. எலும்புக்குப் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, ஆனால் அடக்கி வைக்க முடியும், சில வருடங்கள் இருக்கின்றன என்று அவரிடமே சொன்னேன். மகளுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னார். நான்தான் பேசினேன்.

இன்னும் ஒருவர் பாக்கி. நோன்பில் வந்த தொதல் டப்பாவை நான் திறக்கவில்லை, மேஜையில் அப்படியே இருக்கிறது. நாளை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ரிபாயின் கடையில் கூட்டம் குறைவாக இருக்கும். அதை எடுத்துக்கொண்டு தேராவுக்குப் போகிறேன்.

நஜீஹா